இட்லிக் கொப்பரையில் நாலு டயர்

பிப்ரவரி 10, திங்கள்

மதியம் வரை கடையில் ஈ ஓட்டினேன். இரண்டே பேர், அதுவும் புருவம் திருத்த மட்டும்.

மூன்று மணிக்கு மதன் வந்தான். என் அத்தை மகன். கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறான். மீதி நேரமெல்லாம் ரிமோட் கார் ஓட்டுகிறான். முழங்கை நீளக் கார். பொம்மை என்று சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். 'பெண்களுக்கு மட்டும்' என்று என் பியூட்டி பார்லரில் போர்டு மாட்டியிருப்பதால் எப்போதும் வாசலில் நின்றுதான் பேசுவான். இன்று கையில் ஒரு பை, முகத்தில் எழவு வீட்டுக் களை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம், பைபாஸ் பக்கம் பிளாட் போட்ட காலி இடத்தில். அதற்குப் புது டயர் வாங்கியிருக்கிறான். இந்த டயருக்குக் காற்று அடிப்பதில்லை. உள்ளே ஒரு ஃபோம் வளையம் வைத்து, ரிம்மோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும். நம் ஆள் ஜீப்புக்கே ராகு காலத்தில் ஸ்டெப்னி மாற்ற மாட்டான். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும் என்று அவசர அவசரமாக உட்கார்ந்து நாலு டயரையும் ஒட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடமும் காட்டியிருக்கிறான். பிறகு குப்பையைக் கூட்டும்போதுதான் பார்த்திருக்கிறான். ஃபோம் வளையம் நாலும் கவருக்குள்ளேயே இருக்கின்றன.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“சிரிச்சு முடிச்சிட்டயா? ஒட்டு நகத்தக் கழட்ட என்னமோ வச்சிருக்கயாமே, அதக் குடு.”

அசிட்டோன். அது நகத்துக்குச் சரி, இந்த ரிம்மைத் தின்றுவிட்டால்? அந்த ரிம் இப்போது எங்கும் கிடைப்பதில்லையாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாப்பாடு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள். தேனியிலிருந்து ஒரு இடமாம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை, சொந்த வீடு, நல்ல குடும்பம். போட்டோவைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மதனுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்காது. அம்மா முதல் போனே அவன் அம்மா மலையம்மாள் அத்தைக்குத்தான் போட்டிருப்பாள். சாயங்காலம் வந்தான். அரை மணி நேரம் டயரைப் பற்றி மட்டும் பேசினான். கத்தியால் நெம்பிப் பார்த்தானாம், ரப்பர் கிழியப் பார்த்ததாம். அப்புறம் போய்விட்டான். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கு அவனைப் பிடிக்கும். இதை எழுத இத்தனை வருஷமா?

அவனுக்கு? யாருக்குத் தெரியும். கல்லுளிமங்கன்.

பிப்ரவரி 12, புதன்

அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மதன் வந்தான். போனில் ஒரு வீடியோ. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பசை இளகுமாம். வீட்டில் நாலு சக்கரமும் முங்குகிற மாதிரி இருந்தது இட்லிக் கொப்பரை ஒன்றுதான். போட்டோம்.

ஒரு டயர் வந்தது. சட்டுவத்தால் பிடித்து, துணி சுற்றி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கழன்ற வேகத்தில் அவன் பின்பக்கமாகப் போய் அரிசி மூட்டையில் உட்கார்ந்தான். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. மற்ற மூன்றும் அசையவில்லை. போகப் போகக் கை தாராளமாகிப் பசையை ஊற்றியிருக்கிறான்.

இரண்டாவது கொதிக்கு வைத்திருந்தபோது அம்மா வந்துவிட்டாள். மூடியைத் திறந்து பார்த்தாள். மதன் பின்வாசல் வழியாக நழுவினான். அவன் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அடுப்படி வரைக்கும் வரத் தெரியுது. ஒரு வார்த்த கேக்கத் தெரியலயே இவனுக்கு.”

கொப்பரையைத் தேய்க்க உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இட்லியில் ரப்பர் வாடை. அப்பா நாலைத் தின்றுவிட்டு, அரிசியை மாற்றினீர்களா என்று கேட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

எங்கிருந்து தொடங்குவது? இருக்கட்டும், வரிசையாகவே எழுதுகிறேன்.

காதலர் தினமாம். காலையில் கடையில் நல்ல கூட்டம். ஊரில் யாரார் கையிலோ ரோஜா; எனக்கு மதியம் வீட்டுப் பின்வாசலில் மூன்று டயர்.

முதலில் ரிம்மின் உள்பக்கம் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒட்டு நகம் கழற்றுகிற அதே வழிதான். பஞ்சை நனைத்து, டயர் ரிம்மைச் சந்திக்கிற இடம் முழுக்கச் சுற்றி, மேலே ஃபாயில் பேப்பர். ரிம்மில் இருந்த சின்ன ஓட்டை வழியாகவும் கொஞ்சம் விட்டேன். இனி காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நகமும் போகும், விரலும் எரியும். மதன் ஐந்து நிமிஷத்தில் இழுத்தான். கையில் ஒரு அடி வைத்தேன். அப்புறம் ஒழுங்காக உட்கார்ந்தான்.

பிரித்தபோது பசை வெள்ளையாகப் பொங்கியிருந்தது. ஐஸ்குச்சியை உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றி வந்தேன். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது டயர். எத்தனை சந்தோஷம் அதில்! அவனும் நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவதை அவனிடமே கொடுத்தேன்.

அப்போதுதான் அப்பா வந்தார். வாழைமண்டியிலிருந்து நேராக வந்திருக்கிறார், தோளில் துண்டு. தேனிக்காரர்கள் போன் பண்ணினார்களாம். பெண்ணுக்கு முறைப்பையன் இருக்கிறானாமே, கேட்டுவிட்டீர்களா என்று. எங்கள் பக்கம் பெண்ணை வெளியில் கொடுப்பதென்றால் அத்தை மகனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பெரும்பாலும் சும்மா ஒரு மரியாதைக்குத்தான். அவன் சரி என்பான், கல்யாணத்தில் அவனுக்கு ஒரு வேட்டி துண்டு, அவ்வளவுதான்.

“மாப்ள, ஞாயித்துக்கெழம தேனியில இருந்து வர்றாக. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. ஒனக்குச் சம்மதந்தான?”

மதன் தலையைத் தூக்கவில்லை. ஐஸ்குச்சி மட்டும் நின்றுவிட்டது.

“இல்ல மாமா. எனக்குச் சம்மதமில்ல.”

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான். அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடி வந்ததே ஒரு கோபம்.

“தேனிக்காரகளக் கேட்டீக. மச்சானக் கேட்டீக. என்னைய யாராச்சும் கேட்டீகளா?”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நெசந்தானே? எனக்குன்னு ஒரு வாய் இல்லையா? நானென்ன வாழைத்தாரா, வெல பேசி ஏத்திவிட?

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு வெளியே அசிட்டோன் வாடை. தொண்டையைச் செருமினான்.

“ஓவியா. ஒனக்குச் சம்மதமா?”

“எதுக்கு?”

“என்னையக் கட்டிக்கிறதுக்கு.”

இத்தனை வருஷம் நான் காத்திருந்தேன். அவனும் கொஞ்சம் காத்திருந்து பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 15, சனி

அசிட்டோன் பட்ட டயரெல்லாம் நேற்று உப்பி, ரிம்மை விடப் பெரிதாகத் தொங்கின. போச்சு, கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். ராத்திரி முழுக்கக் காய்ந்து, காலையில் பழைய அளவுக்கே வந்துவிட்டன. ஃபோம் வைத்து நாலையும் நானே ஒட்டினேன். வேண்டுமென்றே ஒன்பதரைக்கு, நல்ல ராகு காலத்தில். மதன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டயரைப் பிடித்துக் கொடுத்தான். இன்றைக்கு அவன் எதையும் சொல்கிற நிலைமையில் இல்லை.

அம்மா தேனிக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். “ஏம்மா, நான் இன்னும் பதிலே சொல்லலயே” என்றேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பிப்ரவரி 16, ஞாயிறு

பிளாட் எல்லைக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, மண்ணைக் குவித்து வளைவு போட்டிருந்தார்கள். சுற்றிலும் நின்றதெல்லாம் ஆண்கள். நான் போனதும் எல்லாரும் வழிவிட்டார்கள்.

கார் அருமையாகப் போனது. டயர் மண்ணைக் கவ்விக்கொண்டு திரும்பியது. இரண்டாவது இடத்தில் இருந்த மதன், ஒவ்வொரு சுற்றுக்கும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கடைசி வளைவில் கார் மல்லாந்துவிட்டது.

“என்னையப் பாக்காத மச்சான், காரப் பாரு” என்று கத்தினேன்.

“நீ இன்னும் சொல்லலயே” என்றான். அத்தனை பேர் முன்னால்.

சொன்னேன். சம்மதம் என்று சத்தமாகவே சொன்னேன். யாரோ விசிலடித்தார்கள். கார் மல்லாந்தபடியே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. ரிமோட்டில் அழுத்திய விரலை எடுக்கவே மறந்துவிட்டான்.

கடைசி இடம். எனக்கு இவ்வளவு சந்தோஷமான நாள் ஞாபகத்தில் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

மறுபடியும் பந்தயம். இந்தத் தடவை ஓட்டினது நான், மல்லாந்தால் ஓடிப் போய்த் தூக்கி நிறுத்துவது அவன் வேலை. மூன்றாவதாக வந்தேன். ரிமோட் பிடித்த என் கையிலும் கார் தூக்கிய அவன் கையிலும் கல்யாணத்துக்குக் கட்டிய மஞ்சள் காப்பு. நாளைக்குத்தான் அவிழ்ப்பார்களாம்.