மூலைத் துண்டில் போட்ட உப்பு

என் அன்பு அப்பாவுக்கு,

நடந்தது முழுவதையும் உள்ளபடியே எழுதப் போகிறேன். என் பக்கம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எதையும் மாற்ற மாட்டேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் என் கோபம் மரியாதையாகிவிடுகிறது. இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மலருக்கும் கொடுக்கப் போகிறேன். வசந்தா அத்தை அந்த மலரை ஒரு பக்கம் விடாமல் படிப்பார்.

உங்கள் அக்காவைப் பற்றி உங்களிடமே குறை சொல்வது எனக்கும் சங்கடம்தான். ஆனால் அந்தத் தீபாவளி விருந்தை நீங்கள் மறந்திருக்க முடியுமா? பக்குரங்கா பகுதியில் அத்தையின் பெரிய வீடு. நீங்கள் விடியற்காலை ஷிஃப்ட் முடித்து வந்து, தூங்காமல் செய்த ஆப்பிள் பை. ஈஸ்ட் டாமாக்கி பேக்கரித் தொழிற்சாலையில் உங்களோடு வேலை பார்த்த போலந்துக்காரர் மாரெக் சொல்லச் சொல்ல, மாவு மூட்டையிலிருந்து கிழித்த தாளில் செய்முறையைத் தமிழில் எழுதி வந்தீர்களே, அந்த ஷர்லொட்கா.

ஊரில் இன்ஜினியராக இருந்த தம்பி இந்த நாட்டுக்கு வந்து மாவு பிசைகிறான் என்று சொல்ல அத்தைக்கு வெட்கம். வருகிறவர்களிடம் எல்லாம், "தம்பி ஃபுட் டெக்னாலஜில மேனேஜர்" என்பார். நீங்கள் பக்கத்தில் நின்று சிரிப்பீர்கள்.

அன்று நானும் நீங்களும் கை கழுவ லாண்டரி அறைக்குப் போனோம். வாஷிங் மெஷின் மேல் உங்கள் தட்டு இருந்தது, ஃபாயில்கூடப் பிரிக்காமல். அதன் மேல் சோப்புத்தூள் டப்பா. அடுக்களையில் அத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் கேட்டது.

"அதை டேபிள்ல வைக்காதீங்க. ஃபேக்டரிச் சரக்கு."

நீங்கள் அந்த டப்பாவை எடுத்து அலமாரியில் ஒழுங்காக வைத்தீர்கள். தட்டைக் கோட்டுக்குள் மறைத்துக் காருக்குக் கொண்டுவந்தீர்கள். அம்மாவிடம், "எல்லாருக்கும் வயிறு நிறைஞ்சிடுச்சாம், நமக்கே மிச்சம்" என்றீர்கள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள். நான் சிமிட்டவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி வைத்தேன். ஐந்து மாதம் கழித்து நீங்கள் இறந்துபோனீர்கள். அந்த டப்பாவைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் மிச்சம் என்றால், நான் எப்படி அப்பா சும்மா இருப்பது?

போன மாதம் உங்களுக்கு முதல் வருஷத் திதி. பாபடோயிட்டோயில் இருக்கும் நம் வீடு சின்னது, தன் வீட்டில்தான் படையல் என்று அத்தை சொல்லிவிட்டார். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அவன் ஒரு ஆப்பிள் கேக் செய்வானே, அதை உன் பொண்ணைச் செய்யச் சொல்லு. அவனுக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கணும்."

"சரிங்க அண்ணி" என்றார் அம்மா. நானும் சரி என்று தலையாட்டினேன். எவ்வளவு சந்தோஷமாகத் தலையாட்டினேன் என்று அம்மாவுக்குத் தெரியாது.

உங்கள் தாளைக் கண்ணாடி ஜன்னலில் ஒட்டிவைத்து ஆரம்பித்தேன். குளிர்ந்த வெண்ணெய், மாவு, சர்க்கரை, முட்டை மஞ்சள், ஒரு கரண்டி புளித்த கிரீம். பிசைந்ததில் பெரிய பங்கைத் தட்டில் அழுத்திவிட்டு, சின்னப் பங்கை ஃப்ரீஸரில் போட்டேன். புளிப்புப் பச்சை ஆப்பிள்களைத் துருவிப் பட்டைத்தூளோடு சுருள வதக்கினேன். பிறகு ரவையை வறுத்தேன்.

"இவ்வளவு ரவையா? உப்புமாவா கிண்டப் போற?"

"அப்பா எழுதியிருக்காரும்மா. ஆப்பிள் விடுற தண்ணியை ரவை குடிச்சிடும். அடி நமுத்துப் போகாது."

"குடிக்கட்டும். நீ மட்டும் விரலை வாயில வைக்காத கயல். படைக்கிறதுக்குச் செய்யறது. அப்பா சாப்பிடறதுக்கு முன்னாடி யாரும் ருசி பார்க்கக் கூடாது."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. யாரும் ருசி பார்க்க மாட்டார்கள்.

அம்மா துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனதும், ஒரு கிண்ணம் ஆப்பிளைத் தனியாக எடுத்து மூன்று ஸ்பூன் உப்பைக் கலந்தேன். ரவை தூவிய தட்டின் ஒரு மூலையில் அதையும், மற்ற இடமெல்லாம் மிச்ச ஆப்பிளையும் பரப்பினேன். ஃப்ரீஸரில் இறுகிய மாவை எல்லாவற்றுக்கும் மேல் துருவிவிட்டேன். எந்த மூலை என்று மறக்காமலிருக்க அங்கே ஒரு கிராம்பைக் குத்தினேன். வெந்து வந்ததும் டீ வடிகட்டியில் சர்க்கரைப் பொடியைத் தூவினேன். பார்க்க உங்கள் கை செய்தது போலவே இருந்தது. அத்தைக்கு அந்த மூலையை நானே வெட்டிக் கொடுப்பேன், எல்லோர் முன்னாலும் அவர் முகம் கோணுவதைப் பார்ப்பேன் என்பதுதான் என் திட்டம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், காரில் போகும்போது பாட்டு முணுமுணுத்தேன்.

ஆனால் படையல் அறையில் கத்தி அத்தை கையில் இருந்தது. மட்டன் குழம்பு, வடை எல்லாம் வைத்த பிறகு என் தட்டை இழுத்துப் பார்த்தார்.

"இந்த மூலையை அவனுக்கு வைப்போம். கிராம்பெல்லாம் வச்சு அழகா பண்ணியிருக்கா. அவனுக்கு எப்பவும் ஓரம்தான் வேணும். தோசைன்னாலும் மொறுமொறுன்னு இருக்கற ஓரத்துக்குத்தான் என்கூட சண்டை போடுவான்."

"அத்தை, அது வேண்டாம்" என்றேன்.

"ஏண்டி?"

தட்டை என் பக்கம் இழுக்கப் பார்த்தேன். அவர் வெட்டி, உங்கள் படத்துக்கு முன் இலையில் வைத்துவிட்டார். நீங்கள் வந்து சாப்பிட வேண்டும் என்று விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே வந்தோம்.

அந்த ஐந்து நிமிஷத்தை எப்படி எழுதுவது? மூடிய கதவுக்குப் பின்னால் நீங்கள் முதல் வாய் எடுப்பதை நினைத்தேன். இதற்கும் ஒன்றும் சொல்லாமல் கண்ணைச் சிமிட்டுவீர்களோ என்று நினைத்தேன். பக்கத்தில் அத்தை கண்ணை மூடி நின்றார். அவர் மேல் இருந்த கோபம் குறையவே இல்லை. இப்போது உங்களுக்கும் சேர்த்து உப்பு ஊட்ட வைத்துவிட்டாரே என்று அது ஏறத்தான் செய்தது. உப்பைப் போட்டவள் நான்தான் என்பதும் தெரிந்தே இருந்தது. மன்னியுங்கள் அப்பா, உங்களிடம் மட்டும்தான் இதைக் கேட்கிறேன்.

கதவைத் திறந்ததும், "இலையில இருக்கறதை அவன் பொண்ணு சாப்பிடட்டும்" என்று யாரோ சொன்னார்கள். அந்தத் துண்டு என் கைக்கு வந்தது. அப்போதுதான் அத்தை, வந்திருந்தவர்களைப் பார்த்து அதைச் சொன்னார்.

"என் தம்பி இதைச் செஞ்சான்னா முதல் துண்டு எனக்குத்தான்."

துண்டை அவரிடம் நீட்டினேன்.

"அப்போ இதுவும் உங்களுக்குத்தான் அத்தை."

பெரிய வாயாக எடுத்தார். மெல்லுவது நின்றது. கண்ணில் தண்ணீர் கட்டியது. அவர் தம்பியை நினைத்து அழுவதாக எல்லோரும் நினைத்தார்கள். ஒரு பெரியம்மா அவர் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தார்.

"எப்படி இருக்கு அத்தை?"

"நல்லா இருக்கு."

"அந்தத் தீபாவளிக்கு வாஷிங் மெஷின் மேல இருந்துச்சே, அது இதைவிட நல்லா இருந்துச்சு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்தது. அவர் துப்புவார் என்று காத்திருந்தேன். துப்பவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கடைசித் துணுக்குவரை தின்றார். பிறகு அடுக்களைக்குப் போய் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். நான் பின்னாலேயே போய் எண்ணினேன்.

"அவன் பார்த்தானா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"சோப்புத்தூள் டப்பாவை எடுத்து அலமாரியில வச்சதே அவர்தான்."

அத்தை குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். "கேக்க மாட்டார்" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் நீங்கள். நான் அல்ல.

கிளம்பும்போது மிச்சமிருந்த ஷர்லொட்காத் துண்டுகளை அத்தை வெள்ளித்தட்டில் அடுக்கி, டேபிளின் நடுவில் வைத்திருந்தார். "எங்க தம்பி பேக்கரியில வேலை பார்த்தான். அங்க கத்துக்கிட்டது" என்று ஒருவரிடம் சொன்னது வாசல்வரை கேட்டது. அம்மா என் முகத்தைப் பார்த்தார். அன்று இரவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா "மூணு ஸ்பூனா போட்ட?" என்றார். ஆமாம் என்றேன். "நாலு போட்டிருக்கலாம்" என்றார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மறுபடி செய்தேன், உங்களுக்கு மட்டும். இந்தத் தடவை முறையை மீறி நானே முதலில் ஒரு வாய் ருசி பார்த்தேன். உங்கள் வாயில் இன்னொரு முறை உப்பு போகவிட மாட்டேன். அடி நமுக்கவில்லை. மூலை மொறுமொறுப்பாக இருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் உங்கள் திதிக்கு இதை நான்தான் செய்வேன் என்று வாக்குக் கொடுக்கிறேன். அத்தை வீட்டு டேபிளின் நடுவில்தான் அது இருக்கும், நான் நின்று பார்ப்பேன். உங்கள் துண்டில் சர்க்கரை குறையாது. அத்தையின் துண்டில் என்ன போடுவேன் என்று மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை. இதைப் படிக்கும்போது அவர் அதை யோசித்துக்கொண்டே இருக்கட்டும்.

டப்பாவைப் பார்த்த உங்கள் மகள்,
கயல்

கடிதத்தை மூலைத் துண்டின் பக்கத்தில், உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கப் போகிறேன். ஜன்னல் திரையை இழுத்து, விளக்கையும் அணைத்துவிடுவேன், நீங்கள் வந்து சாப்பிட.