பஞ்சுவின் பாதம்

ஜூன் 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். பாப்பாவுக்குப் புதுப் பள்ளி பழகிவிட்டது. எனக்குத்தான் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று இடுப்பு விட்டுப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து திரும்பியதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "பஞ்சுவோட உள்ளங்கால் செவந்திருக்கும்மா. முடி கொட்டி வழவழன்னு இருக்கு" என்கிறாள். கினிப்பன்றிக்கு அது நல்லதில்லை. கூண்டின் தரை வெறும் கம்பி. அதில் நின்று நின்றே தோல் போகிறது. பழைய துண்டை மடித்து விரித்து, மேலே காய்ந்த புல் போடுங்கள். ஈரமானால் உடனே மாற்றுங்கள். நகம் சுருண்டிருக்கிறதாம். நுனியை மட்டும் வெட்டுங்கள், உள்ளே ஓடும் ரத்த நரம்பில் கத்தரி படக்கூடாது. தினமும் கொஞ்சம் குடைமிளகாய் கொடுங்கள்.

முடியாதென்றால் எங்களிடமே கொடுத்துவிடுங்கள். இங்கே வாடகைக்கு விட்டவர் சம்மதித்துவிட்டார்.

பாப்பாவின் அம்மா

ஜூன் 11

அன்பு மனைவிக்கு,

அப்படித்தான் எழுதுவேன். கோர்ட்டு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு கையளவு பிராணியின் காலுக்கு இவ்வளவு கரிசனம்! லிப்ட் ரிப்பேர் பார்க்கும்போது விழுந்து நான் முட்டி வீங்கிக் கிடந்தேனே, "மாத்திரை மேஜை மேல இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனவள்தானே நீ?

பஞ்சு நன்றாகத்தான் தின்கிறது. கொடுக்கமாட்டேன். அது இங்கே இருந்தால்தான் பாப்பா இங்கே வருவாள். உனக்கும் பார்க்க ஆசையாக இருந்தால் வா. யார் வேண்டாம் என்றது?

உன் கணவன்

ஜூன் 18

பாப்பாவின் அப்பாவுக்கு,

முட்டி வீங்கியதை எழுதினீர்கள். அதற்கு முந்தின நாள் சாப்பாட்டுத் தட்டு என் நெற்றியில் வந்து விழுந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்?

போகட்டும். பஞ்சு இப்போது காலைத் தூக்கிக்கொண்டு ஒரே மூலையில் உட்கார்ந்திருக்கிறதாம். பாதம் வீங்கி, நடுவில் கறுப்பாகப் பொருக்கு. அதன்மேல் உங்கள் முட்டித் தைலத்தைத் தடவினீர்களாமே! அது காலை நக்குகிற பிராணி. தைலம் வயிற்றுக்குள் போய்விடும். பொருக்கைப் பிய்த்துவிடாதீர்கள். இனித் துண்டு விரித்தால் மட்டும் சரியாகாது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். சீழ் எலும்புக்குள் இறங்கினால் காப்பாற்ற முடியாது.

என்மேல் இருக்கும் கோபத்தை அதன்மேல் காட்டாதீர்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

பாப்பாவின் அம்மா

ஜூலை 2

அன்பு மனைவிக்கு,

நல்ல சேதி. டாக்டரிடம் காட்டினேன். மருந்து கொடுத்தார். கால் ஆறிவிட்டது, கூண்டெல்லாம் ஓடுகிறது. கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பலகை அடித்து, மெத்தென்று துணி விரித்திருக்கிறேன். எல்லாம் நீ சொன்னபடிதான். சொன்னால் கேட்காதவன் என்பாயே, வந்து பார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். சமைத்து வைக்கிறேன்.

உன் கணவன்

ஜூலை 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

சாப்பாடு நன்றாக இருந்தது. அன்று சொல்ல வாய் வரவில்லை.

பாப்பா அந்தக் கினிப்பன்றியை மடியில் மல்லாத்தி, காலைப் பார்த்ததைக் கவனித்தீர்களா? நான்கு பாதமும் இளஞ்சிவப்பாக, ஒரு தழும்பு இல்லாமல் இருந்தன. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா ஆயிடுச்சுப்பா" என்றாள். பஸ்ஸில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பஞ்சுவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமாம்மா?" என்று கேட்டாள்.

டாக்டரிடம் போய் விசாரித்தேன். சீழ் எலும்பு வரைக்கும் போய்விட்டதால், பஞ்சுவை ஊசி போட்டு வலியில்லாமல் சாகவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு, காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெளிப் பெஞ்சில் நீங்கள் வெகுநேரம் அழுதுகொண்டிருந்தீர்களாம்.

அதை எழுதியிருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன். நீங்கள் கடைக்குப் போய் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ வகுப்பு இருப்பதாக உங்களுக்கு எழுதச் சொன்னாள் பாப்பா. உண்மையைச் சொன்னால் அப்பா வருத்தப்படுவாராம். அவளுக்கு வகுப்பு எதுவும் இல்லை. அவள் இனி வரமாட்டாள்.

புதுக் குட்டிக்குத் துணி நன்றாகவே விரித்திருக்கிறீர்கள்.

பாப்பாவின் அம்மா