பரேசியை விட்டுக்கொடுத்தது யார்

அன்புள்ள மச்சானுக்கு,

எனக்குச் செய்தி வந்தது மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. ஆஸ்பத்திரியின் தரைத் தளத்தில் மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். டியூட்டி நர்ஸ் போனில் கூப்பிட்டு, "சார், உடனே மேல வாங்க" என்று மட்டும் சொன்னார். மருந்துச் சீட்டோடு லிஃப்டில் ஏறினேன். கதவு மூட இரண்டு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. சென்சாரில் தூசி இருக்கும், துடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பு அதுதான். லிஃப்ட் பராமரிக்கிறவன் புத்தி வேறு எங்கே போகும்.

ஐந்தாவது மாடிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் தங்கச்சியின் இறப்புச் சான்றிதழில் நேரம் நாலு மணி ஆறு நிமிடம் என்று இருக்கிறது. அது சரியான நேரம். இந்தக் கடிதத்தில் நீங்கள் வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள்.

நலம் விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், தெரியும். உங்கள் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அம்மா மடியில் கொடுத்துவிட்டார்கள் என்று அத்தை சொன்னார். அக்கா எழுந்து நடமாடுகிறார் என்றும் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. அத்தை இங்கே என்னோடுதான் இருக்கிறார். வேளைக்குச் சாப்பிடுகிறார், என்னையும் சாப்பிட வைக்கிறார். நான் வேலைக்குப் போகிறேன். போன வாரம் பதினோரு லிஃப்ட் பார்த்தேன். எதிலும் பழுது இல்லை.

இரண்டு வாரம் முன்னால் நீங்கள் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "மாப்ள, அவ போனது நாலு ஆறுன்னா, அஞ்சு இருபதுக்கு எனக்கு மெசேஜ் போட்டது யாரு?" என்று. லைன் சரியாக இல்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, மச்சான். நீங்கள் மூச்சு விடுவது கூடக் கேட்டது.

அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டீர்கள். நேரத்தைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள், ஐந்து இருபதுக்கு என் தங்கச்சி உயிரோடு இருந்தாள், எனக்குப் பதில் போட்டாள், இதோ ஆதாரம், ஒரு மணி நேரத்துக்கு மேல் அவளை யாரும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று. எனக்கு இது தெரிய வந்ததே வேறு ஒரு பேப்பருக்காக நேற்று அங்கே போனபோதுதான். என்னைக் கூப்பிட்ட அதே நர்ஸ் மாடிப்படியில் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். இரண்டு தடவை விளக்கம் எழுதி வாங்கிவிட்டார்களாம். "நான் வாட்ச்சைப் பாத்துதான் சார் எழுதினேன். அவங்க கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னதே நான்தான். ஆனா அந்த மெசேஜைக் காட்டினதுலேர்ந்து எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு. ஒருவேளை உயிர் இருந்துச்சோ, நான்தான் விட்டுட்டேனோன்னு" என்றார். பதினாறு வருட சர்வீஸ் உள்ளவர். 

மச்சான், அந்த மெசேஜ் போட்டது நான்.

இதை எழுதிவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றைக்கு அக்காவுக்கு எட்டாவது மாதம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நீங்கள்தான் தூக்கி உட்கார வைக்கவும் சாப்பாடு கொடுக்கவும் ஒரே ஆள். இங்கே டாக்டர், "ட்ரீட்மென்ட் இருக்கு, டைம் இருக்கு" என்றார். குழந்தை பிறந்ததும் அண்ணனுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் முடிவு பண்ணிவிட்டாள். நான் தயங்கினேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா. "ஸ்டாப்பர் பேக்குனா பந்து போற பக்கமெல்லாம் ஓடக் கூடாது. கோலுக்கு முன்னாடி நடுவுல அவன் இடத்துல நிக்கணும். அண்ணன் இப்ப அங்கதான் நிக்கணும். இழுத்து வெளிய கொண்டு வந்தா பின்னாடி காலி" என்றாள். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக் கொடுக்கிற அதே குரல். அத்தையும் அழுதுகொண்டே சரி என்றார். நானும் சரி என்றேன்.

அதனால் உங்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்க, உங்கள் சண்டை நிற்காமல் நடக்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் பார்த்துக்கொண்டிருக்கிற சண்டை. உலகத்திலேயே சிறந்த ஐந்து ஸ்டாப்பர் பேக் யார். மால்டினி, ஷிரேயா, பாபி மூர் மூவரிலும் உங்களுக்குள் சண்டை இல்லை. முதல் இடத்தில்தான் எல்லாம். உங்களுக்கு ஜெர்மனியின் பெக்கன்பவர். அவளுக்கு இத்தாலியின் பரேசி. பெக்கன்பவர் பின்னாலிருந்து பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தையே மாற்றிய ஆள் என்பீர்கள். "அது பின்னாடி நிக்கிற ஃபார்வர்டு. தடுக்கிறவன் முதல்ல தடுக்கணும்" என்பாள். ஐந்து வருடம். மருமகனாக வந்தவன் நடுவில் வாயைத் திறந்தால், "உங்க லிஃப்ட்டுக்கு பந்து போட்டாத் திருப்பி அடிக்குமா?" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்துகொள்வீர்கள்.

முதல் வாரம் அவளே டைப் செய்தாள். இரண்டாவது வாரம் விரல் வீங்கிவிட்டது. அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மூன்றாவது வாரத்தில் அவள் மூன்று வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவாள், நான் அதை ஆறு வரியாக்குவேன். கடைசிப் பத்து நாள் பெரும்பாலும் நான் மட்டும்தான். அவள் உங்களை "போடா அண்ணா" என்று எழுதுவது, ஒரு வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததுக்குத் தாவுவது, எல்லாம் பழகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டு, பழைய ஆட்டங்களாகப் பார்த்தேன். எனக்கு அதுவரை பந்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண் போகும். அவள் ஒரு நாள் கண்ணைத் திறந்து, "பந்தைப் பாக்காதே. ஆறாம் நம்பரைப் பாரு" என்றாள். பார்த்தேன். பரேசி ஒன்றுமே செய்யாதது போல இரண்டு அடி நகர்கிறார், அவ்வளவுதான், எதிராளி பந்தை அங்கே அனுப்பாமல் பின்னால் திருப்பிவிடுகிறான். "கோல் போட்டவனுக்கு வீடியோ இருக்கு. விழாத கோலை எவன் படம் பிடிப்பான்?" என்றாள். எங்கள் வேலையும் அப்படித்தான் என்று சொல்ல நினைத்தேன். கயிறு அறுந்தால் பிடிக்கிற பிரேக்கை யாரும் பார்த்ததில்லை. சொல்வதற்குள் தூங்கிவிட்டாள்.

பரேசி குள்ளம், அந்த உயரத்தில் தலையால் முட்டி ஜெயித்ததைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு மெசேஜ் வந்ததே, அது முழுக்க நான். நீங்கள், "அட செவுரு, இது புது பாயிண்டால்ல இருக்கு! என்ன, மாப்ள மாதிரி அளவெல்லாம் எடுக்க ஆரம்பிச்சிட்ட?" என்று கேட்டீர்கள்.  அவளிடம் காட்டினேன். செவுரு என்று நீங்கள் வைத்த பெயரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, "நான் உயரத்தைப் பத்திப் பேசுவனா? நானே குள்ளக் கத்திரிக்கா. மாட்டிக்கப் போறே" என்றாள். நீங்கள் வீடியோவில் வரச் சொன்னபோதெல்லாம் மீட்டிங், நெட் இல்லை, தலைக்குக் குளித்திருக்கிறேன் என்று வந்த பதில்கள் பதினொன்று. முதல் ஒன்று மட்டும்தான் அவள் சொன்னது. அந்தப் பதினொன்றில் ஏதாவது ஒன்றில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் அவள் முகத்தைப் பார்த்திருப்பீர்கள்.  இதற்கு அவள் மேல் பழியைப் போட முடியாது. அவள் சொன்னது குழந்தை பிறக்கிற வரைக்கும். நிலைமை கைமீறுகிறது என்று டாக்டர் என்னிடம் சொன்னது கடைசிக்கு மூன்று நாள் முன்னால். அப்போது போனை எடுக்க வேண்டியவன் நான்தான். எடுத்தேன். ஷிரேயா ஒரு தடவை கூட சிவப்பு அட்டை வாங்கியதில்லை என்று உங்களுக்கு எழுதினேன்.

இனி அந்த நாள். மத்தியானம் ஒரு மணிக்கு உங்களிடமிருந்து வந்தது. 1970 அரையிறுதியில் பெக்கன்பவர் தோள் நழுவி, கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடினார், இதுக்கு என்ன சொல்ற என்று. இரண்டு மணி வாக்கில் அவள் விழித்தாள். வாசித்துக் காட்டினேன். 94-இல் பரேசி முட்டியில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு நாலு வாரம் ஆவதற்குள் இறுதி ஆட்டத்தில் வந்து நின்றாரே, நூற்றிருபது நிமிடமும் கோல் விழவில்லையே, அதை எழுதட்டுமா என்று கேட்டேன். எனக்கு ஆர்வம் வந்துவிட்டது, மச்சான். உண்மையாகவே ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது.  "இப்ப எழுதாதே. அவன் காத்துக்கிட்டே கிடக்கட்டும். இதை மட்டும் முடிச்சிடாதே" என்றாள். அப்புறம் வாய் காய்கிறது என்றாள். பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தேன். அப்புறம் பேசவில்லை.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு உங்கள் அடுத்த மெசேஜ். "என்ன செவுரு, சத்தத்தையே காணோம்? உன் ஆளு ஃபைனல்ல பெனால்டிய ஆகாசத்துக்கு அடிச்சத நினைச்சு அழுவுறியா?" என்று. நான் நடைபாதையில் இரும்பு நாற்காலியில் இருந்தேன். மடியில் நிரப்ப வேண்டிய படிவம். அத்தை உள்ளே. அவள் போன் என் சட்டைப் பையில் அதிர்ந்தது. எடுத்தேன். படித்தேன். உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. இந்தப் போன் மறுபடி அதிரக் கூடாது, அவ்வளவுதான் தோன்றியது. நீங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டால் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். "சரிண்ணா, நீதான் ஜெயிச்சே. பெக்கன்பவர்தான் முதல்" என்று அடித்து அனுப்பினேன். மணி ஐந்து இருபது. அடுத்த வரியில் படிவத்தில் அவள் வயதை எழுதினேன்.

மறுநாள் காலையிலேயே குழந்தை பிறந்துவிட்டது. உங்களுக்குச் சொன்னது மூன்றாம் நாள். அதற்குள் இங்கே இறுதிச் சடங்கெல்லாம் முடிந்துவிட்டது.

அத்தை சொன்னார், நீங்கள் அந்த ஒரு வரியைத்தான் எல்லோரிடமும் காட்டுகிறீர்களாம். ஐந்து வருடம் மல்லுக்கு நின்றவள் போகிறபோது அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள் என்று.  அது பொய் என்று சொன்னால் உங்களிடம் என்ன மிஞ்சும் என்று யோசித்துக்கொண்டே நாளைக் கடத்தினேன். அந்த நர்ஸ் மாடிப்படியில் நிற்காமல் இருந்திருந்தால் இன்னும் கடத்தியிருப்பேனோ என்னவோ.

இன்று காலை ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மெசேஜ் நான் அனுப்பியது, நேரத்தில் தவறில்லை, நர்ஸ் மேல் தவறில்லை என்று. அவள் போனையும் காட்டினேன். உங்களுக்கு ஒரு வாரத்தில் பதில் அனுப்புவார்களாம். நாலு வரி இருக்கும், கீழே சீல் இருக்கும். அது வருவதற்கு முன்னால் இது உங்கள் கைக்கு வர வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். முடிந்தால் அந்த நர்ஸுக்கு நீங்கள் இரண்டு வரி எழுதுங்கள். நான் சொன்னதை அவர் நம்பினார், ஆனாலும் புகார் கொடுத்தவர் சொன்னால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. உங்கள் தங்கச்சி விட்டுக்கொடுக்கவில்லை என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பரேசியை விட்டுக்கொடுத்தது நான். எனக்கு அந்த உரிமை கிடையாது. அவள் உங்களைக் காக்க வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், அதுவும் தெரிந்தே.

குழந்தைக்கு என் ஆசி. நன்றாக வளரட்டும், வாய் நிறையச் சண்டை போடட்டும், ஒன்றிலும் சீக்கிரம் ஒத்துப்போகாமல் இருக்கட்டும். அக்கா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு வர முடிகிற காலம் வந்ததும் ஒரு தடவை வாருங்கள். கோபத்தோடு வந்தாலும் வாருங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

இதைப் படித்ததும் நீங்கள் கூப்பிடுவீர்கள். சத்தம் போடுவீர்கள், இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றைக்குப் போல மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு இருப்பீர்கள். எதுவானாலும் அது நிற்பதற்காக, நீங்கள் கேட்க ஆசைப்படுகிற ஏதோ ஒன்றை நான் மறுபடியும் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுங்கள், அல்லது நேரில் வந்து கேளுங்கள். அவள் போனை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். என்னுடையதை இப்போது அணைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்