கொட்டகையில் மூன்று நாள்

செக்கானூரணி,
4.3.2024

அன்புள்ள மருமகள் சத்யப்ரியாவுக்கு,

அத்தை சின்னத்தாய் எழுதுவது. எட்டு மாதமாக உன் காளவாசல் வீட்டை எட்டிப் பார்க்காதவள் என்ன கடிதம் என்பாய். திட்டிவிட்டுப் படி.

கிட்னிக் கல்லை முதுகில் துளை போட்டு எடுத்து இன்றோடு பதிமூன்று நாள். தையல் ஆறிவிட்டது. ஆனால், நின்று ஐந்து வருடமான மாதத் தூரம் முந்தாநாள் திரும்பிவிட்டது. கட்டி கட்டியாகப் போகிறது. முதுகு வலி, கிறுகிறுப்பு. வழக்கப்படி கொட்டகையில் ஒதுங்கிக் கிடக்கிறேன். ராஜபாண்டி தட்டை வெளியே வைத்துவிட்டுப் போகிறான். பெற்ற மகனிடம் இதை எப்படிச் சொல்ல? போனில் பேசினால் அவன் காதில் விழும். அதனால்தான் மதுரைக்கு வேலைக்கு வரும் பக்கத்து வீட்டு நாகஜோதி கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சிவராத்திரி. குலசாமிக்குப் பொங்கல் வைக்க வீட்டில் பெண் இல்லை. ஒரு நாள் வந்து போ, ஆத்தா.

சின்னத்தாய்

காளவாசல்,
அதே நாள்

அத்தைக்கு,

இது தூரம் இல்லை. சிறுநீரில் வரும் ரத்தம். கல் எடுத்த இடத்தில் ரத்தக்குழாய் காயப்பட்டிருந்தால், அபூர்வமாகச் சிலருக்கு இரண்டு வாரம் கழித்தும் இப்படி வரும். எங்கள் ஸ்கேன் சென்டரில் பார்த்திருக்கிறேன். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அடைத்துவிடுவார்கள். தாமதித்தால் உயிர் போய்விடும்.

108க்குச் சொல்லிவிட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அவருக்கும் போன் போட்டேன். "அம்மாவுக்குத் தீட்டுத்தானே?" என்றார். "உங்க தீட்டுல தீய வைக்க! தூக்கிட்டு ஓடுங்க" என்றேன். தீட்டோடு போனைத் தொட மாட்டேன் என்கிறீர்களாம். அதனால் இந்தத் தாளைப் போட்டோ எடுத்து அவர் போனுக்கு அனுப்புகிறேன், காட்டுவார்.

அதே கொட்டகையில் நானும் கிடந்தேன். "இது வேற மாதிரி போகுது அத்தை" என்று உங்களிடம் சொன்னேன். கலைந்தது பிள்ளை என்று பிறகுதான் தெரிந்தது. "இவ சொல்லவே இல்லை" என்று அவர் முன்னால் சாதித்தீர்கள். அவரும் நம்பினார். அதை இப்போது பேச வேண்டாம். வண்டியில் ஏறுங்கள்.

சத்யப்ரியா

மதுரை, ஆஸ்பத்திரி வார்டு,
13.3.2024

சத்யாவுக்கு,

அடைத்துவிட்டார்கள். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர். சிவராத்திரி நம் வீட்டுப் பொங்கல் இல்லாமலே நடந்தது. சாமி ஒன்றும் கேட்கவில்லை.

கொட்டகையில் கிடந்த மூன்று நாளும், யாராவது உள்ளே வந்து நெற்றியில் கை வைக்க மாட்டார்களா என்று ஏங்கினேன். உனக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்.

நீ சொன்னாய். என் காதில் விழுந்தது. "எல்லாருக்கும் போறதுதான், கெட" என்று சொன்னவள் நான்தான். பிறகு பழிக்குப் பயந்து பொய் சொன்னேன்.

நேற்று ராஜபாண்டியிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று காலையில் கஞ்சியைக் கட்டிலுக்குக் கிட்ட வராமல் தள்ளியே வைத்துவிட்டுப் போனான்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. அவன் உன்னிடம் வருவான். கதவைத் திறப்பது உன் இஷ்டம்.

சின்னத்தாய்