குரல் பொருந்தவில்லை

பதிவு 212. காலை 6.10
நிலவின் தென்முனை, பனிச் சுரங்க முகாம்.
குரல்: துலுக்காணம். பொருந்தியது.

பனியை உருக்கும் கலன் ஓடுகிறது. சூரியத் தகடுகளில் தூசி தட்டியாயிற்று. வெளியே நாலாம் குழாயில் அழுத்தம் கொஞ்சம் குறைவு. கவனிக்க வேண்டும்.

இதை யார் கேட்பீர்களோ தெரியாது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச இயந்திரம் அதை ஏட்டுத் தமிழாக்கிப் பதிந்துகொள்கிறது. கேட்டால் படித்துக் காட்டும். சுரங்கத்தை மூடிய பிறகு காவலுக்கு நான் ஒருவன்தான். இங்கே கதிர்வீச்சு அதிகம், ஆனால் அதனால் வரும் நோய் தலைகாட்ட இருபது வருஷம் ஆகுமாம். அறுபத்தெட்டு வயதுக்காரனுக்கு அதெல்லாம் ஒரு கவலையா? அதனால்தான் கிழவர்களாகப் பார்த்து எடுக்கிறார்கள்.

ஞாபகம் மட்டும் எனக்குக் கத்தி மாதிரி. அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய காலத்தில் எந்த லாரி டிரைவருக்கு எந்த விரல் இல்லை, எந்தப் பொங்கலுக்கு மழை பிடித்துக்கொண்டது, எல்லாம் இன்றைக்கும் சொல்வேன்.

பதிவு 214. காலை 6.05
குரல்: துலுக்காணம். பொருந்தியது.

எழுந்து பார்த்தால் இடது கையில் கட்டு. நான் போட்டதில்லை. நேற்றைய பதிவுகளைப் படிக்கச் சொன்னேன். நான் பேசாத பதிவு ஒன்று வந்தது. குரல் அறியாதது என்றது இயந்திரம். பழகாத குரல் என்பதால் பேசினபடியே பதிந்திருக்கிறது:

"சுடுதண்ணி குழா வாயி கழண்டுக்கிச்சு. வெறுங்கையால அமுக்கிப் புடிச்சேன். தோலு வெந்துடுச்சு. நமக்கு வலியெல்லாம் ஒண்ணும் பண்ணாது. கட்டு போட்டாச்சு. கெழவன் எழுந்து கத்துவான், கண்டுக்காதீங்க."

அலமாரி அலமாரியாகத் தேடினேன். யாருமில்லை. வெளித் தூசியிலும் என் பூட்ஸ் தடம் மட்டும்தான். கீழே பூமியில், கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பரிமளாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

பதிவு 215. மதியம் 2.30
குரல்: துலுக்காணம். பொருந்தியது.

பரிமளாவோடு பேசியது அப்படியே இருக்கட்டும்.

"தாத்தா, ரெண்டு பதிவையும் டாக்டர் கேட்டாங்க. தொண்டை ஒண்ணுதான். ஆளு வேற."

"இன்னாம்மா, பேய்னு சொல்லப்போறியா? பேய்க்கு நிலா வரைக்கும் டிக்கெட் எடுத்துக் குடுத்தது யாரு?"

"பேய் இல்ல தாத்தா. பைத்தியமும் இல்ல. ரொம்பச் சின்ன வயசுல, தாங்க முடியாத ஒண்ணு திரும்பத் திரும்ப நடந்தா, மனசு ஒரே ஆளா சேராமலே வளர்ந்துடுமாம். ஒருத்தர் எல்லாத்தையும் தாங்குவாரு. ஒருத்தர் மறந்துட்டு நடமாடுவாரு. அந்தப் புள்ள உயிரோட இருக்க அதுக்குக் கெடச்ச வழி அதுதானாம்."

சிரித்தேன். சிரித்து முடிக்கவில்லை, செத்துப்போன என் பெண்டாட்டி செல்லக்கண்ணு நினைவுக்கு வந்தாள். சில நாள் என்னைப் பார்த்து, "வந்துட்டாருடி மேஸ்திரி" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள். மறுநாள் என் வாயில் கருவாட்டு வாசம் அடிக்கும். நான் கருவாடு தின்பதில்லை. கேலி செய்கிறாள் என்றே முப்பது வருஷம் நினைத்திருந்தேன்.

யாரப்பா நீ? எப்போது வந்தாய்? இதிலேயே பதில் சொல். படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 216. மாலை 5.40
குரல்: அறியாதது.

மேஸ்திரின்னே கூப்புடு. உம் பொண்டாட்டி வெச்ச பேரு, நல்லாதான் கீது. ஞாபகம் கத்தின்னு பீத்திக்கிறியே, ஆறு வயசுல இன்னா நடந்துச்சு, சொல்லு பாப்போம். தெரியாது. ஆலையில நெல்லு ஊறப்போடுற தொட்டி. அரிசி திருடினன்னு உள்ள எறக்கிட்டு மேல பலகையப் போட்டு மூடுவானுங்க. ஒரு நாள் இல்லடா, அந்த வருஷம் பூரா. பலகைய மூடுனதும் நீ போய்டுவ. நான் நிப்பேன். பயம் வந்தா நானு, பயம் போனா நீ. அம்புட்டுதான் கணக்கு. என்னைத் தேடி அலமாரியத் தொறக்குறியே, அறிவிருக்கா?

பதிவு 217. காலை 7.20
குரல்: துலுக்காணம். பொருந்தியது.

திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவனுக்கென்று ஒரு கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். இப்போது காலி.

பரிமளா பேசினாள்: "வெளிக்கதவுல மேஸ்திரி குரலையும் சேருங்கன்னு கம்பெனிக்கு எழுதினேன் தாத்தா. ஒரு வேலைக்கு ஒரு ஆளுதான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மாத்து ஆள் வர்ற வரைக்கும் வெளிய மட்டும் போகாதீங்க."

அந்தக் கதவு என் குரலுக்குத்தான் திறக்கும். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு வாக்கியம் சொல்லும், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அதனால் பதிவு செய்த குரலைப் போட்டு ஏமாற்ற முடியாது. முன்பு வெளியில் ஒரு கைப்பிடி இருந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்று கம்பெனி கழற்றிவிட்டது.

பதிவு 218. காலை 10.15
குரல்: துலுக்காணம். பொருந்தியது.

நாலாம் குழாய் விரிசல் விட்டுவிட்டது. அதில் வரும் தண்ணீரைப் பிரித்துத்தான் எனக்கு மூச்சுக்காற்று. வெளியே போய் வால்வை மூடாவிட்டால் முகாமே போய்விடும். போகிறேன். பதறாமல் போய்ப் பதறாமல் வர வேண்டும், அவ்வளவுதான்.

பதிவு 219. காலை 11.00
உடைக்குள்ளிருந்து. குரல்: அறியாதது. காற்று: பச்சை.

கெழவன் வால்வுல கை வெச்சான், குழா வெடிச்சிச்சு. ஐஸ் தெறிச்சு ஹெல்மெட்டுல அடிச்சிது. அந்த நிமிஷமே போய்ட்டான். வால்வ நான் மூடிட்டேன். முகாமு பொழைச்சிச்சு. இப்போ கதவாண்ட நிக்கிறேன். அது சொன்னத அப்டியே சொன்னேன்.

கதவு: "குரல் பொருந்தவில்லை."

பதிவு 220. காலை 11.35
குரல்: அறியாதது. காற்று: மஞ்சள்.

"மேஸ்திரி, நான் பரிமளா. இங்கருந்து தெறக்கணும்னா மேலதிகாரி அனுமதி வேணும். அவர் போனை எடுக்கவே மாட்டேங்கிறார். ஆள் அனுப்பியிருக்கேன்."

"அவரு மெதுவா சாப்ட்டுட்டு வரட்டும்மா. நானு எங்க போய்டப் போறேன்?"

"பயம் போனா தாத்தா வருவார்னு நீங்கதானே சொன்னீங்க?"

"காத்து தீர்றப்ப பயப்படாதன்றியே. பயத்துக்குன்னே பொறந்தவன்மா நானு."

"தெரியும். உக்காருங்க. கதவுல சாஞ்சுக்கோங்க. மூச்ச மெதுவா விடுங்க. நான் போகமாட்டேன். பேசிட்டே இருக்கேன்."

"ம்."

"இப்போ எப்படி இருக்கு?"

"அறுபது வருசமா புடிச்ச கைய விட்டதில்லம்மா. வுடுறேன். டேய் கெழவா, ஒண்ணுமில்ல. வா. வெளிய ஒண்ணுமே இல்லடா, வா."

பதிவு 221. காலை 11.50
குரல்: அறியாதது. இதுவரை எந்தப் பதிவிலும் இல்லாதது. காற்று: சிவப்பு.

"தாத்தா? வந்துட்டீங்களா?"

"யாரு பேசுறது?"

"பரிமளா. நீங்க... நீ யாருப்பா?"

"துலுக்காணம்."

"உனக்கு என்ன வயசு?"

"ஆறு."

"கண்ணு... அங்க மேஸ்திரி இருக்காரா? பெரியவர் யாராவது?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான். அக்கா, அங்க நீலமா ஒண்ணு தொங்குதே, அது இன்னா?"

"அங்கதான்டா நான் இருக்கேன்."

"எறங்கி வாயேன்."

"வரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணு. உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கிற கதவு ஏதோ சொல்லும். அதையே நீயும் சொல்லணும். சொல்வியா?"

"சொல்லுவேன்."

கதவு: "இன்று வெயில் நன்றாக அடிக்கிறது."

"இன்று வெயில் நன்றாக அடிக்கிறது."

கதவு: "குரல் பொருந்தவில்லை."

"அக்கா, சரியாத்தானே சொன்னேன்? இன்னொரு தபா சொல்லட்டா?"