எந்தக் கூட்டம் என்று கேட்டார்கள், மெர்சி

என் அன்பு மெர்சிக்கு,

போன மாதம் பாறசாலை ஸ்டேஷன் ரோட்டில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். எதற்கு என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். வடக்கே பாலைவனத்தில் மண்ணுக்கடியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களாம். நன்றாக வெடித்ததாம். அதற்கு லட்டு.

நம் டெலிபோன் பூத்துக்குள்ளும் பெட்டியோடு வந்தார்கள். எனக்கு வேண்டாம் என்றேன். "ஏன் சேச்சி, உங்களுக்கு சந்தோசம் இல்லியா?" என்று ஒருவன் கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.  அதற்குள் ஒளிந்திருந்த கேள்வியை வேறொரு வாயிலிருந்து ஏற்கெனவே கேட்டவள் நான். உனக்கும் அது கேட்டிருக்கும்.

கொஞ்ச நாளில் பக்கத்து நாட்டுக்காரர்களும் வெடித்தார்கள். அங்கேயும் யாரோ யாருக்கோ லட்டு கொடுத்திருப்பார்கள். மறுநாள் காலையில் பூத்துக்கு வெளியே வரிசை. வளைகுடாவில் ஆள் இருக்கிற பெண்கள் எல்லாம் வந்து நின்றார்கள். "சண்டை வருமா வசந்தா?" என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும்? நம்பரைச் சுழற்றத் தெரியும், அவ்வளவுதான்.

குவைத்துக்குள் பட்டாளம் புகுந்த அந்த மாதங்களிலும் இதே வரிசைதான், ஞாபகம் இருக்கிறதா? நீயும் நானும் பூத்தைத் தொடங்கிய புதிது. உன் ஸ்டீபன் அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். நீ மற்றவர்களுக்கெல்லாம் நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியில் உன் நம்பரைப் போடுவாய். செத்த லைன். எதிரே சாயாக்கடையில் ஆண்கள் அமெரிக்கா ஜெயிக்குமா, ஈராக் ஜெயிக்குமா என்று கை ஓங்கிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் நீ ரிசீவரை வைத்துவிட்டு அவர்களைப் பார்த்து, "இவனுவ ரெண்டு பேரும் தீவச்சு விளையாடுதானுவ. எனக்க மாப்பிளைக்க லைனை எதுக்கு அறுக்கணும்?" என்று கத்தினாய். கத்தின கத்தலில் மூச்சிழுப்பு வந்துவிட்டது. மருந்தை எடுத்து உன் வாயில் வைத்தது நான்.

ஸ்டீபன் உடுத்த சட்டையோடு வந்து சேர்ந்தார். சண்டை முடிந்ததும் மறுபடியும் அங்கேயே போனார். வேறு வழி? நீ தடுக்கவில்லை. "போர் நடந்த எடத்துல இனி கொஞ்ச நாளைக்குப் போர் வராது" என்று கணக்குச் சொன்னாய். உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நம் ஊரைத்தான் நீ கணக்கில் சேர்க்கவில்லை.

எல்லாம் சிறிது சிறிதாகத்தான் வந்தது. என் தம்பி மணியன் ரப்பர் வெட்டிவிட்டு வந்தால் வாலிபால் விளையாடப் போவான். உங்கள் வீட்டுச் சோறு உண்டு வளர்ந்தவன். அவனிடம் யாரோ ஒரு கேசட்டைக் கொடுத்தார்கள். வீட்டில் போட்டுக் கேட்பான். நம்மில் யாரும் பார்த்திராத ஒருவர், நமக்கு என்னென்ன அநியாயம் நடந்தது என்று அதில் கர்ஜித்துக்கொண்டிருப்பார். அம்மை அடுப்படியிலிருந்து, "அந்தாளு ஏன் இப்படி விளிச்சு கூவுதாரு? தொண்டை நோவாதா?" என்பாள். நாங்கள் சிரித்தோம். உங்கள் பக்கத்தில் வெளியூர்ப் பிரசங்கி ஒருவர் வந்து, கோயில் திருவிழாச் சோற்றைத் தொடக்கூடாது என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார். நீ மறுநாளே வந்து என்னோடு பந்தியில் உட்கார்ந்தாய். அப்போதும் சிரித்தோம்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தியே நீ முந்திரிக்கொத்து சுட்டுக் கொண்டுவந்தாய். மணியன் கை நீட்டவில்லை. "எனக்கு வேண்டாம்" என்றான். நீ விடவில்லை. "எலே மணியா, முந்திரிக்கொத்து எந்தக் கட்சியாக்கும்?" அவனுக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அதை விழுங்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். அன்றைக்கு நாம் சிரிக்கவில்லை.

சில நாட்களில் வடக்கே அந்தப் பழைய பள்ளிவாசலை இடித்தார்கள். நாம் இருவரும் பார்த்திராத ஊர். இங்கே பந்த் என்றார்கள். அன்று விடியும் நேரத்தில் உன் மகள் ஷைனி ஓடிவந்தாள். "சித்தி, அம்மைக்கு மூச்சு எடுக்க முடியல்ல." மருந்துக்கு இழுப்பு கேட்கவில்லை. உன் உதடு நீலம் பூத்திருந்தது. என் வீட்டுக்காரர் சந்திரன் ஜீப்பை எடுத்தார். உன்னைப் பின்சீட்டில் என்மேல் சாய்த்துக்கொண்டேன். ஷைனி உன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் போதும்.

ரப்பர் தோட்டத்து வளைவில் ஒரு மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பால் வடிந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பேர். அவர்களை ஏவிக்கொண்டு நின்றவன் நம் ஊர்க்காரன் அல்ல. சந்திரன் இறங்கிக் கும்பிட்டார். "ஆஸ்பத்திரி கேஸாக்கும், விடுங்க." அந்த ஆள் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தான். உன் முகத்தைப் பார்த்தான், உன் கழுத்துச் சங்கிலியில் கிடந்த சிலுவையைப் பார்த்தான், என் நெற்றிச் சாந்தைப் பார்த்தான். "நிங்ஙள் ஏது கூட்டரா?" என்று கேட்டான். நீங்கள் எந்தக் கூட்டம்.

என்ன பதில் சொல்வது மெர்சி? மூச்சு முட்டுகிறவளின் கூட்டம் எது? நான் பதில் தேடியபோதுதான் மரத்துக்கு அந்தப் பக்கம் வெட்டுக்கத்தியோடு நின்ற மணியனைப் பார்த்தேன். "மணியா! மெர்சிடே! வழி விடச் சொல்லுடே!" அவன் உன்னைப் பார்த்தான். பிறகு அந்த ஆளின் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். 

ஜீப்பைத் திருப்பினோம். அடுத்த ரோட்டை வேறு கொடிக்காரர்கள் அடைத்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு கோபம், வேறு நியாயம், ஆனால் அதே மாதிரிக் கல்லும் தடியும். பின்கண்ணாடியில் ஒரு கல் விழுந்தது. மறுபடி இந்த வளைவுக்கே வந்தபோது அந்த ஆள் போயிருந்தான், மணியனும் இல்லை. சந்திரனும் நானும் தெரிந்த இரண்டு மூன்று பேருமாக மரத்தை நகர்த்தினோம். ஆஸ்பத்திரி கேட் கண்ணில் படும்போது உன் விரல்கள் என் சேலை முந்தியை விட்டுவிட்டன. ஷைனி மட்டும் உன் காலை விடவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஸ்டீபன் அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிட்டார். தந்தி போய்ச் சேரவில்லை. "வசந்தா, அவளைக் கூப்பிடு" என்றார், உற்சாகமாக. நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.  பிறகு, "குண்டு விழுந்த ஊர்ல நான் கல்லு மாதிரி இருக்கேன். சண்டையே இல்லாத ஊர்ல அவ எப்படி செத்தா?" என்று கேட்டார்.  அதை அவர் மறுபடி ஒருநாளும் கேட்கவில்லை.

போலீஸ் வந்தபோது ஊரில் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. பனி என்றார்கள், வெளிச்சம் போதவில்லை என்றார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். தம்பி பெயரையும் சொன்னேன். அம்மை என் முற்றத்தில் வந்து மண்ணை வாரி எறிந்தாள். "சொந்தச் சோரையை, கூடப்பொறந்த ரெத்தத்தைக் காட்டிக் குடுத்தவளே" என்றாள். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் சந்திரன், ஆளை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். ஜீப்பைக் கொளுத்துவோம் என்று மிரட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.  என் ஒருத்தியின் சொல் போதவில்லை. எல்லாரும் வெளியே வந்தார்கள். வரிசையில் கடைசியாக வந்த மணியன் என்னைப் பார்க்காமல் நடந்து போனான். ஏவினவன் பெயர் கேஸிலேயே இல்லை. அவனை அதற்குப் பிறகு நான் பார்க்கவும் இல்லை.

இப்போது பந்த் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. அதனால் ஹர்த்தால் என்கிறார்கள். பெயரை மாற்றினார்கள், கல்லை மாற்றவில்லை. எங்கோ இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் நம் ரோடு அடைபடுகிறது. யாரிடம் போய்ச் சொல்வது? ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். சில நேரம் தூரத்து நம்பரைச் சுழற்றிவிட்டுக் காத்திருக்கும்போது லைனில் ஓர் இரைச்சல் வரும், உனக்குத் தெரியுமே. அதற்குள் உன் இழுப்பு கேட்கிறது. எதிர்முனையில் யாராவது 'ஹலோ' சொல்லும்வரை நான் உன்னோடுதான் இருக்கிறேன். அதனால்தான் பூத்தை விற்கச் சொல்லிச் சந்திரன் கேட்டபோதெல்லாம் மாட்டேன் என்றேன்.

ஷைனி திருவனந்தபுரத்தில் நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் பூத்தில் என்னோடு இருப்பாள். உன்னைப் போலவே கோபம். இழுப்பு இல்லை, பயப்படாதே.

லட்டு கொடுத்ததற்குப் பிறகு ஒரு மதியம் போன் மணி அடித்தது. ஷைனிதான் எடுத்தாள். மணியன். கேஸ் முடிந்ததுமே வளைகுடாவுக்குப் போனவன், இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட இந்த நம்பருக்குக் கூப்பிட்டதில்லை. "அக்கா" என்றிருக்கிறான். "சித்தி இல்ல. நான் ஷைனி" என்றாள். அவன் வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நான் கிட்டே போய் ரிசீவரில் காதை வைத்தேன்.

"மோளே, இங்க எனக்க ரூமில ஒரு பாகிஸ்தான்காரன் உண்டு" என்றான். "அவனுக்கு நெஞ்சுவலி. ராத்திரி ரெண்டு நாட்டுப் பேச்சும் முத்தி, ஒருத்தனும் அவனைத் தூக்க வரல்ல. நான் வாசல்ல நின்னேன். எனக்கு உனக்க அம்மைய..." அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை.

"தூக்கினீங்களா மாமா?" என்று ஷைனி கேட்டாள்.

"தூக்கினேன். பொழைச்சான்."

"நல்லது. அப்ப உங்களுக்குத் தூக்கத் தெரியும்" என்றாள். குரல் ஏறவில்லை. "எனக்க அம்மைக்க கல்லறைக்கு வந்து, அன்னைக்கு உங்களுக்கு மரம் வெட்டச் சொன்னவன் ஆருன்னு சொல்லணும். ஊர்க்காரங்க முன்னாடி சொல்லணும். மன்னிப்பு பேச்சு பிறகு."

லைனில் அந்த இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு, "ஓணத்துக்கு வாறேன்" என்று அவன் சொன்னது கேட்டது. ஷைனி ரிசீவரை வைத்துவிட்டு என் மடியில் விழுந்து அழுதாள். சிறு பிள்ளையாய் அன்று ஜீப்பில் அழாததையெல்லாம் அழுதாள்.

அவன் வருவானா, தெரியவில்லை. வந்தால் சொல்வானா, அதுவும் தெரியவில்லை. அம்மை இப்போதே ஆள் அனுப்பிவிட்டாள்: பிள்ளை வரும்போது பழையதைக் கிளறாதே என்று. சந்திரன், அவன் சொன்னால் நானும் சொல்லுவேன் என்கிறார். ஏவினவர்களின் ஆட்கள் இப்போது பெரிய இடங்களில் இருக்கிறார்கள். அதையும் யோசிக்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது.

உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன் மெர்சி. அவன் வந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே உன்னிடம் கூட்டிவருவேன். என் வீட்டுக்கும் அம்மை வீட்டுக்கும் அதற்குப் பிறகுதான். உன் கல்லறைக்கு முன் நிறுத்துவேன். அவன் என் தம்பிதான், அவன் அழுதால் எனக்கும் வயிறு எரியும். ஆனாலும் அவனுக்காக நான் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன். அவன் வாயாலேயே நீ கேட்பாய்.

இப்படிக்கு,
உன் மகளுக்குச் சித்தி,
வசந்தா