மேட்டில் நின்ற உந்துருளி

சனிக்கிழமை இரவு.

தோட்டத்து மக்களே! உங்கள் சங்கத் தலைவனை ஹட்டன் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். "நூறு சிசி போதுங்க ஐயா, பெற்றோலே குடிக்காது" என்றான். சமதரையில் ஓட்டிக் காட்டி, அந்த உந்துருளியை என் தலையில் கட்டினான்.

இன்று வட்டவளை மேட்டில் அது நின்றுவிட்டது. முழங்கால் வலியோடு மனைவி இறங்கி நடந்தாள், நான் தள்ளினேன். கொழுந்து பறித்த பெண்கள் சிரித்தார்கள்: "தலைவரே, வண்டி உங்கள ஏத்துதா, நீங்க வண்டிய ஏத்துறீங்களா?" அந்நேரம் அடுத்த லயத்து வீட்டுவரிசைச் செல்வம், நூற்றிருபத்தைந்து சிசி வண்டியில் மனைவியையும் கோதுமை மா மூட்டையையும் ஏற்றிக்கொண்டு எங்களைக் கடந்து போனான்.

நாளை ஞாயிறு. தோட்டமே கடைத்தெருவில் திரளும். அவன் கடை வாசலில் ஒலிபெருக்கி கட்டிக் கேட்பேன்: கடைக்காரா, எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு வட்டவளை மேட்டில் ஏறிக் காட்டு! முடியாதெனில், பெரிய வண்டியாக இப்போதே மாற்றிக் கொடு!